நனைக்காமல் எடுத்த கட்டு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் மேலகரத்தில் துவைத்த துணி லேசில் காயாது. ஈர யூனிஃபார்மோடு வேலை பார்த்துப் பழகியவள் நான். எனக்காக ஃபேனைக் கூட்ட வேண்டாம், மேடம். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் சிரமம். நின்றுகொண்டே சொல்கிறேனே.

மேலகரத்து முன்னாள் ராணுவத்தினர் இல்லத்தில் நான் ஒருத்திதான் நர்ஸ். ஊசி போடுவது, படுக்கையில் போனால் துடைத்துவிடுவது, கேட்ட சண்டைக் கதையையே மறுபடி கேட்பது எல்லாம் என் வேலை. துப்பாக்கி பிடித்த ஆட்கள் ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் கேலி செய்வேன். அவர்கள் என்னைக் கமாண்டர் என்பார்கள். எனக்கென்று வெளியே யாரும் இல்லை, அந்த இல்லம்தான் வீடு. பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவர்களிடம் ஒரு குணம் உண்டு. உடம்பு தேறினால் புறப்பட்டுவிடுவார்கள். மாடன் என்று ஒரு நாயக், நெஞ்சுச் சளியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். கஞ்சி ஊட்டி எழுப்பி உட்காரவைத்தேன். மகன் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கூட்டிய வார்டையே மறுபடி கூட்டினேன். மடித்த போர்வைகளைப் பிரித்துப் பிரித்து மடித்தேன். கைக்கு வேலை இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். கோபமும் இருந்தது, ஒளிப்பானேன்.

பிறகுதான் சுபேதார் பால்வண்ணநாதன் வந்தார். இடது பாதத்தில் சர்க்கரைப் புண். மகள் லோகநாயகி பாவூர்சத்திரத்தில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் புண்ணோடு வர வேண்டாம், ஆறியதும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி அப்பாவை விட்டுவிட்டுப் போனாள். அவர் கொள்ளுப்பேரன் படத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு, கட்டு மாற்றும்போதெல்லாம் ஒன்றையே கேட்பார்.

“ஆறிருச்சா சிஸ்டர்? எப்பம் போலாம்?”

நன்றாகத்தான் ஆறியது. என் கைராசி அப்படி. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்துவிட்டது. புண்ணில் ஒட்டிய துணியைச் சலைன் ஊற்றி, ஊறவிட்டு, மெதுவாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும். ஒரு காலையில் கட்டு மாற்றப் போனேன். அவர் வேட்டி சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்கு நான் நனைக்கவில்லை.

சர்க்கரைக் காலில் வலி தெரியாது. அவர் விட்டத்தைப் பார்த்தபடி லடாக் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் உம் கொட்டிக்கொண்டே உரித்தேன். அன்றோடு நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். மறுபடியும் தோல் வந்ததே, மேடம். வரும்போதெல்லாம் எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

அருவி மேல் பழி போட்டது நானில்லை. சீசனில் எங்கள் ஆட்கள் ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குப் போவார்கள். இவரும் காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டு வருவார். தண்ணீர் பட்டுப் பட்டுத்தான் ஆறவில்லை என்று தென்காசி டாக்டர் குமரகுரு சொன்னார். லோகநாயகி அப்பாவை எல்லார் முன்னாலும் திட்டினாள். அவர் சின்னப்பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அருவிப் பக்கமே போகவில்லை. மற்றவர்கள் ஈரத்தலையோடு திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பாவமாக இருந்தது. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது. தென்காசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டு, மறுபடி எங்கள் இல்லத்துக்கே அனுப்பினார்கள். இனி நம்மிடமே இருப்பார் என்று நினைத்தேன். லோகநாயகி வந்து, தையல் ஆறியதும் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தாள் என்று எனக்கு எரிந்தது.

மறுநாள் தையலில் ஒட்டியிருந்த துணியை இழுத்தேன். அந்த இடத்தில் அவருக்கு உணர்வு இருந்தது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். அவர் கத்தவில்லை, உடம்பு மட்டும் தூக்கிப்போட்டது. மூடி திறக்காத சலைன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏட்டி, நனைக்காமலா உரிக்கே? இத்தன நாளும் இப்படித்தானா?”

எனக்குப் பொய் சொல்ல வராது. ஆமா அண்ணாச்சி என்றேன்.

காலை என் கையிலிருந்து இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அப்புறம், “என்னைய விட்டுரும்மா. எம்மவகிட்ட போயிருதேன்” என்றார். நோயாளிகள் வலியில் எதையாவது சொல்வார்கள், அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டால் வேலை நடக்காது. பாதியில் விட முடியுமா? முழுவதையும் எடுத்து, மருந்து வைத்துக் கட்டினேன்.

அதிலிருந்து பிடித்த காய்ச்சல் இறங்கவே இல்லை. கண்ணை மூடுவதற்கு முன் மகளிடம் சொல்லியிருக்கிறார், அவள் உங்கள் ஸ்டேஷனில் வந்து சொல்லியிருக்கிறாள். எல்லாம் உண்மை. காலும் உயிரும் போனது என்னால்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு அவர் மேல் அன்பில்லை என்று அவள் சொன்னாளாமே, அதை மட்டும் எழுதாதீர்கள். நான் கட்டி முடிக்கும் வரைக்கும் இரண்டு கையாலும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். இங்கே பாருங்கள், நகம் பதிந்த இடம் இன்னும் கன்றிப்போயிருக்கிறது. பெற்ற மகளைக்கூட அவர் அப்படிப் பிடித்ததில்லை. என்னை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை, மேடம்.