நூறு சதவீதம்

சும்மா இருக்கும் எதைப் பார்த்தாலும் எனக்குப் பொறுக்காது. முப்பது வருடம் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவளுக்கு அப்படி ஒரு குணம் வந்துவிடுகிறது. உங்கள் ரைட்டர் ஐயா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டதைப் பார்த்ததும், பேப்பரைக் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டதும் அதனால்தான். இன்ஸ்பெக்டர் தப்பாக நினைக்க வேண்டாம்.

என் பெயர் மர்சலின். வயது அறுபத்திரண்டு. மயிலாப்பூரில் மாடி வீடு. கணவர் பவுல்சாமி, ராயப்பேட்டையில் மரச்சாமான் பட்டறை வைத்திருந்தவர். நாற்பது வருட மரத்தூள் நுரையீரலை இறுக்கிவிட்டது. இரண்டு வருடமாக ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு.

நான் செய்துகொண்டிருந்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆராய்ச்சிக் கணக்கு ஒன்றைத் துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்க இருக்கிற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள். நம் கம்ப்யூட்டர் அதைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். கூலி கிடையாது, ஒரு துண்டு முழுசாக முடிந்து போய்ச் சேர்ந்தால் அதற்குப் புள்ளி உண்டு. நான் தேர்ந்தெடுத்தது நுரையீரல் நோய்க் கணக்கு. அவருக்காகத்தான் ஆரம்பித்தேன். இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இதில் செட்டிங்ஸ்தான் எல்லாம். பிராசஸரில் எத்தனை சதவீதத்தைக் கொடுப்பது, செய்த வேலையை எத்தனை நொடிக்கு ஒரு முறை சேமிப்பது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பயந்துகொண்டு ஐம்பது சதவீதம் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். பாதி பிராசஸர் சும்மா உட்கார்ந்திருப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? நூறு ஆக்கினேன்.

நூறில் ஓடினால் சூடு தொண்ணூறு டிகிரியைத் தொடும். எங்கள் வீட்டில் ஏ.சி. இருப்பது படுக்கையறையில் மட்டும். ஏ.சி. காற்று இருமலுக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள், அதனால் அவருடைய கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைப் படுக்கையறையில் வைத்தேன். மே மாத ஹால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "இன்னா மர்சி, என்னிய வெளிய தள்ளிட்டியே" என்று சிரித்தார். அவருக்குக் கோபப்படத் தெரியாது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

எங்கள் ஊரில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை பதினைந்து நாள் போட்டி வைப்போம். பரிசு ஒன்றும் இல்லை, பட்டியலில் பெயர் முதலில் வரும், அவ்வளவுதான். அசோக் நகர் கலீமுல்லா என்று ஒருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். நேரில் பார்த்ததில்லை. போன வருடம் அவர் முதலிடம், நான் இரண்டாவது. நான் சொல்லிக்கொடுத்த செட்டிங்ஸை வைத்துக்கொண்டே என்னை முந்தினார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்" என்று வேறு எழுதினார். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை.

இந்த வருடப் போட்டி வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டும். அன்றைக்கென்று எங்கள் பகுதியில் பராமரிப்புப் பணி, காலை ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை என்று முதல் நாளே பேப்பரில் வந்துவிட்டது. கீழ்வீட்டு ரூபீனா அதைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறி வந்தாள்.

"ஆன்ட்டி, நாளிக்கு கரண்ட் இல்லியாம். எங்க மாமனாருக்கு வாங்குன சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு சும்மாதான் கீது. அங்கிளுக்குக் கொண்டாந்து வக்கட்டா?"

"வேணாம்மா. இன்வெர்ட்டர் ஆறு மணி நேரம் தாங்கும்."

பொய் இல்லை. இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர் அது. அவருடைய மெஷின் மட்டும் ஓடினால் ஆறு மணி நேரம் தாங்கும். கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடினால் இரண்டே முக்கால். அவள் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. ஏ.சி. நின்றுவிட்டதால் அவர் தலைமாட்டில் இருந்த டேபிள் ஃபேனை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு வைத்தேன். ஓடிக்கொண்டிருந்த கணக்கு பதினொன்று ஐம்பத்தாறுக்கு முடியும் என்று திரையில் காட்டியது. பேட்டரி பதினொன்று நாற்பத்தைந்துக்கு இறங்கிவிடும். பதினொரு நிமிடம் இடித்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கரண்ட் இழுப்பவை. ஆகவே பதினொன்று முப்பத்துநாலுக்கு மெஷினை அணைத்துவிட்டால் கம்ப்யூட்டர் சரியாக ஐம்பத்தாறு வரை ஓடும். எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஒன்பதேகாலுக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டேன்.

மெஷினை அணைத்தது நான்தான். பதினொன்று முப்பத்துநாலுக்கு.

"மர்சி, மெஷின் நின்னுட்ச்சி போல கீதே."

"கரண்ட் இல்லைங்க. இருபது நிமிஷம் பொறுத்துக்குங்க. டாக்டர் சொன்ன மாதிரி உதட்டைக் குவிச்சு மூச்சு விடுங்க."

"உன் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கினு கீதே."

"அது உங்களுக்காகத்தாங்க ஓடுது."

நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டேன், ஹாலின் அனல் உள்ளே வரக்கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவது அவர் வழக்கம். தட்டினார். கொஞ்ச நேரம் விடாமல் தட்டினார். பிறகு சத்தம் வரவில்லை, தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பதினொன்று ஐம்பத்தாறுக்குக் கணக்கு முடிந்து போய்ச் சேர்ந்தது. முப்பத்தெட்டு புள்ளி வித்தியாசத்தில் முதலிடம்.

பன்னிரண்டு பத்துக்கு ரூபீனா, மனசு கேட்காமல், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் மூச்சு நின்றுபோயிருந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். மற்றதை அவளே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். மெஷின் சுவிட்ச் அணைந்திருந்தது, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்றாளாமே, இரண்டும் சரி. பேட்டரி நான் நினைத்ததைவிட நல்ல பேட்டரி. மெஷினை அணைக்காமலேகூடச் சமாளித்திருக்கலாம் போல. அந்த இடத்தில் என் கணக்கு தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு திருத்தம். கணக்கைப் பாதியில் நிறுத்தினால் முப்பத்தொரு மணி நேர வேலை வீணாகியிருக்கும், எத்தனையோ நோயாளிகளுக்கு உதவ வேண்டியது என்று முதலில் ரைட்டர் ஐயாவிடம் சொல்லியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை வேலையைச் சேமிக்கும்படி செட்டிங்ஸில் வைத்தவள் நான். நிறுத்திவிட்டு, இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓட்டியிருக்கலாம். ஒரு நிமிட வேலை போயிருக்கும். நோயாளிகளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. நான் இரண்டாமிடத்தில் இருந்திருப்பேன்.

போன் உங்களிடம் இருக்கிறது, எப்படியும் பார்ப்பீர்கள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குக் கலீமுல்லா ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்: "மேடம், உங்க ஏரியால கரண்ட் இல்லன்னு பேப்பர்ல பாத்தேன். சாருக்கு மெஷின் ஓடணும், நீங்க கம்ப்யூட்டர நிறுத்தித்தான் வச்சிருப்பீங்க. அப்ப நான் மட்டும் ஓட்டிக்கினு இருந்தா நல்லாருக்காது. போட்டி முடியற வரைக்கும் நானும் நிறுத்திட்டேன்."

அப்போது அவர் என்னைவிட ஐந்நூறு புள்ளி முன்னால் இருந்தார். அவர் ஓட்டிக்கொண்டிருந்தால் அன்று என்னால் தொட்டிருக்கவே முடியாது. வந்த உடனே படித்துவிட்டேன். ஒன்பது இருபத்திரண்டுக்கு நான் போட்ட பதிலும் அதற்குக் கீழேயே இருக்கும்: "நன்றி சார். நானும் நிறுத்திவிட்டேன்."