நான்கு வீட்டுப் பங்கர்கள்

மயூரன் அன்று எங்கள் பங்கருக்குள் வந்தானா, வரவில்லையா? பன்னிரண்டு வருடங்களாக என்னிடம் இதற்குப் பதில் இல்லை.

இராணுவ முகாமிலிருந்து ஷெல் குத்துகிறார்கள். நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல 'டொம்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் ஓட வேண்டும். நான் ஓடுகிறேன். என் கையில் தங்கச்சியின் கை. பின்னால் வாளி கிணற்றுக்குள் விழுகிறது. கப்பி கிறீச்சிடுகிறது.

"குத்திறான்! பங்கருக்கை ஓடுங்கோ! பிள்ளையளை இழுங்கோ!"

அது அம்மாவின் குரல். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு இராணி மாமியும் அதையே கத்துகிறார். தலைக்கு மேலே சீலை கிழிவதுபோல நீண்ட சத்தம். படியில் சறுக்கி உள்ளே விழுகிறேன். வெளியே வெடிக்கிறது. கூரைப் பனங்குற்றிகளுக்கு இடையால் மண் கொட்டுகிறது. கண் தெரியவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் முழங்கால் என் முதுகில் குத்திக்கொண்டிருக்கிறது.

அது எண்பத்தேழாம் ஆண்டு. சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமைகளில் ஒரு பின்னேரம். எனக்குப் பன்னிரண்டு வயது. மயூரனுக்கு ஏழு.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடுகளின் வளவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் கிடுகு வேலி. வேலியில் ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளிகள். அவற்றைப் பொட்டு என்போம். தெருவில் கால் வைக்காமலே நான்கு வளவுக்குள்ளும் ஓடித் திரிந்தோம். பதினொரு பிள்ளைகள். மத்தியானம் எந்த வீட்டில் நிற்கிறோமோ அங்கேயே சோறு. எந்தத் தாய் அடித்தாலும் அடிதான். எந்தத் தாய் தலையில் தண்ணீர் வார்த்தாலும் குளிப்புத்தான். கிளித்தட்டு விளையாட எங்கள் முற்றம். மாங்காய்க்கு நான்காம் வீடு. மழைக்கு இராணி மாமியின் விறாந்தை.

இராணி மாமிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் வதனி என் வகுப்பு. இளையவன் மயூரன். அவன் எங்கள் வீட்டில்தான் கூடுதலாக நிற்பான். அம்மா முட்டை பொரித்தால் பொட்டுக்குள்ளால் ஒரு தலை வரும்.

"உன்ரை வீட்டிலை சோறு இல்லையோடா?" என்று அம்மா கேட்பார்.

"சோறு இருக்கு. முட்டைதான் இல்லை."

எண்பத்தாறில் பங்கர் வெட்டினார்கள். வளவுக்கு ஒன்று. நான்கு தாய்மாரும் கிணற்றடியில் நின்று ஒரு முடிவெடுத்தார்கள். குத்துகிற சத்தம் கேட்டால் பிள்ளைகள் தங்கள் வீட்டைத் தேடி ஓடக்கூடாது. எது கிட்டவோ அந்தப் பங்கருக்குள் இறங்க வேண்டும். தாயும் பிள்ளையைத் தேடி வெளியே வரக்கூடாது. கண்ணில் படாத பிள்ளை பக்கத்து வீட்டுப் பங்கரில் இருக்கிறது. அப்படியே நம்ப வேண்டும்.

நல்ல முடிவு. இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். அதைவிட நல்லது எனக்கும் தோன்றவில்லை. பல தடவை அது எங்களைக் காப்பாற்றியது. சத்தம் ஓய்ந்ததும் பிள்ளைகள் பொட்டுகளுக்குள்ளால் வீடு மாறிப் போவோம். யார் வீட்டுப் பங்கரில் பாம்பு வந்தது, யார் வீட்டுப் பங்கரில் பிஸ்கற் தந்தார்கள் என்று பெருமை பேசுவோம். பயம் எங்களுக்குக் குறைவு. நான்கு தாய் உள்ள பிள்ளைகளுக்கு என்ன பயம்?

அன்று இராணி மாமி மயூரனைக் காணவில்லை. பதறவில்லை. எங்கள் பங்கரில் இருப்பான் என்று நம்பினார். எங்கள் பங்கரின் இருட்டில் அம்மாவும் மயூரனைக் காணவில்லை. அவரும் பதறவில்லை. தாயோடு இருப்பான் என்று நம்பினார். நம்பித்தான் இரண்டு பேரும் வெளியே வராமல் இருந்தார்கள்.

மூன்றாவது ஷெல் எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவே விழுந்தது. அதன் சத்தம் என் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு காதுக்குள் இரைந்த இரைச்சல் மட்டும் இருக்கிறது.

மேலே வந்தோம். வேலி எரிந்துகொண்டிருந்தது. மயூரன் பொட்டடியில் கிடந்தான். யார் முதலில் கண்டார்கள், யார் தூக்கினார்கள், எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது அவன் மாமியின் மடியில் இருந்தான். தலை எங்கள் பக்கம் கிடந்தது என்று சிலர் சொன்னார்கள். கால்தான் எங்கள் பக்கம் கிடந்தது என்று வேறு சிலர் சொன்னார்கள். எங்களிடம் ஓடி வந்துகொண்டிருந்தானா? எங்களிடமிருந்து தாயிடம் ஓடிக்கொண்டிருந்தானா?

செத்த வீட்டில் அம்மா சொன்னார்: "அவன் எங்கடை பங்கருக்கு வரேல்லை."

இராணி மாமி சொன்னார்: "உங்கடை வீட்டை போறன் எண்டுதான் வெளிக்கிட்டவன்."

இரண்டு பேரும் சண்டை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கதைக்கவும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை வேலி புதிதாக அடைக்கப்பட்டது. எங்கள் பக்கமும் கிடுகு கட்டினோம். அவர்களும் தங்கள் பக்கம் கட்டினார்கள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

புலம்பெயர்ந்து வந்து, துன் நகரில் நாங்கள் இருக்கும் மாடிக்கட்டடத்தின் அடியிலும் பங்கர் இருக்கிறது. இந்த நாட்டில் எங்கு குடிபோனாலும் கீழே ஒன்று இருக்கும். தடித்த கொங்கிறீற்றுக் கதவு. உள்ளே சைக்கிள், ஸ்கீ, உருளைக்கிழங்குப் பெட்டி. போர் இல்லாத நாட்டின் பங்கர். உடுப்புத் தோய்க்கப் போகும்போதெல்லாம் அதைக் கடந்து போகிறேன். நின்று பார்ப்பதில்லை.

இந்த வருடம், தொண்ணூற்றொன்பது. பெப்ரவரியின் முதல் புதன்கிழமை. பகல் ஒன்றரை மணி. சைரன் ஊதுகிறது. வருடா வருடம் அன்று ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நான் அதை வாசித்திருந்தேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஏ.எல். வரை படித்தவள் நான். இந்த நாட்டு மொழியான டொச்சும் வாசிப்பேன். கணவர் ஹோட்டல் குசினி வேலைக்கு இறங்கும்போதுகூட, "இண்டைக்கு ஊதுவாங்கள், பயப்பிடாதை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஓம், தெரியும் என்றேன்.

சத்தம் கீழிருந்து மேலே ஏறுகிறது. இறங்குகிறது. திரும்ப ஏறுகிறது. கட்டடத்தின் பின்முற்றத்தில் நிற்கிறேன். என் மகள் அபி பனியில் குந்தியிருக்கிறாள். நான்கு வயது. பக்கத்தில் இரண்டாம் மாடித் திருமதி மோசரின் மகன் லூக்காஸ். அவனுக்கும் அதே வயதுதான். இரண்டு பேரையும் அள்ளுகிறேன்.

"உள்ளுக்கை ஓடுங்கோ! உள்ளுக்கை!"

தமிழில்தான் கத்தினேன். லூக்காஸுக்குத் தமிழ் தெரியாது. அவனும் ஓடினான்.

பங்கருக்குள் தள்ளிக் கதவை இழுத்துச் சாத்தினேன். லைற் போடவில்லை. இருட்டில் கையால் தடவினேன். அபியின் தொப்பி. லூக்காஸின் தொப்பி. இரண்டும் இருந்தன. கை நிற்கவில்லை. சுவர் ஓரம், சைக்கிள்களுக்கு இடையில், பெட்டிகளுக்குப் பின்னால் தடவிக்கொண்டே போனேன்.

"அம்மா, ஆரைத் தேடுறீங்கள்?" என்று அபி கேட்டாள்.

அவளுடைய தொப்பியை மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் திருமதி மோசர். ஜாக்கெற் இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. செருப்பெல்லாம் பனி. மகனைத் தூக்கி முகத்தைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டார்.

"இது வெறும் சோதனை, உங்களுக்குத் தெரியாதா?" என்று டொச்சில் கேட்டார். பிறகு, "என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆற்றங்கரை வரைக்கும் ஓடிப் பார்த்தேன்" என்றார்.

கத்தவில்லை. மகனை இறக்கி விடவும் இல்லை. எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வோம், கிட்ட நிற்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு இறங்குவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். லூக்காஸ் இப்போதும் விளையாட வருகிறான். முன்பு தனியே வருவான். இப்போது தாயும் வந்து முற்றத்து வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் இருப்பேன். இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வதனி இதே நாட்டின் ஷாஃப்ஹவுசன் நகரிலிருந்து போன் எடுத்தாள். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஞாயிறுகளில் கதைப்போம். ஒழுங்கையைத்தான் கதைப்போம். நான்காம் வீட்டு நாய், மாங்காய்க்கு எறிந்த கல் யாருடைய மண்டையில் விழுந்தது, கிளித்தட்டில் யார் அளாப்பி, கள்ளமாக வென்றது. ஒவ்வொரு முறையும் எண்பத்தேழுக்கு முன்னால் நின்றுவிடுவோம். சொல்லிவைத்ததுபோல.

"என்னடி, பங்கருக்கை இருந்து வெளியிலை வந்திட்டியோ?" என்று தொடங்கினாள்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"உன்ரை மனுசன் என்ரை மனுசனுக்குச் சொல்லி, அந்தாள் இஞ்சை ஒரே சிரிப்பு. வெள்ளைக்காரப் பெடியனையும் இழுத்துக்கொண்டு போனியாமே?"

"நக்கலடியாதை வதனி."

"நக்கலில்லையடி. நான் உங்கை நிண்டிருந்தால் நானும் ஓடியிருப்பன்." பிறகு சொன்னாள்: "அம்மாவுக்கு விசா கிடைச்சிட்டுது. சித்திரை முடிய வாறா."

சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான்.

"உன்னைப் பாக்கவேணுமாம். கேப்பா, கலா. கட்டாயம் கேப்பா."

"நான் என்னத்தைச் சொல்ல?"

"வந்தவன் எண்டு சொல்லு. உங்களோடை இருந்தவன், சிரிச்சுக்கொண்டிருந்தவன், ஆரும் பிடிக்க முன்னம் வெளியிலை பாய்ஞ்சிட்டான் எண்டு சொல்லு."

"எனக்குத் தெரியாதேயடி."

"தெரியாட்டில் என்ன? உன்ரை வாயாலை வந்தால் நம்புவா. ஒருக்கா எட்டிப் பாத்திருக்கலாமே எண்டு இத்தினை வருசமாத் தன்னையே திட்டிக்கொண்டு திரியிறா. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு நான் களைச்சுப் போனன்."

"அப்ப என்ரை அம்மா? வந்த பிள்ளையைப் பிடிக்காமல் விட்டவ எண்டு ஆகாதோ?"

"உன்ரை அம்மா இஞ்சை இல்லைத்தானே."

அம்மா வன்னியில் இருக்கிறார். இடம்பெயர்ந்தவர்களுக்கான தறப்பாள் கூரைக் கொட்டிலில். அவருடைய கடிதம் வந்து சேர மாதங்கள் எடுக்கும். ஆனால் சொன்ன கதை கடிதத்துக்கு முன்னால் போய்ச் சேரும். எங்கள் சனத்தைத் தெரியும்தானே. அவர் தன் வாழ்நாளில் ஒன்றைத்தான் மாற்றாமல் சொல்லியிருக்கிறார். அவன் எங்கள் பங்கருக்கு வரவில்லை. நான் அதைப் பொய்யாக்குவதா? அது உண்மை என்றும் எனக்குத் தெரியாதே.

ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்த முழங்கால். அது நான்காம் வீட்டுக் கஜனுடையதாக இருக்கலாம். அவனும் அன்று எங்களோடுதான் இருந்தான். மெலிந்த பிள்ளை. கேட்டுப் பார்க்க வழியில்லை. கஜன் இயக்கத்துக்குப் போனான். திரும்பவில்லை. தங்கச்சி அப்போது குழந்தை. அவளுக்கு இருட்டு மட்டும் நினைவிருக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. வதனி சொன்ன நாளிலிருந்து அந்த முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக மயூரனுடையதாக மாறி வருகிறது. பாத்திரம் கழுவும்போது அவன் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. பங்கருக்குள் பொரித்த முட்டை மணந்தது என்றுகூடத் தோன்றுகிறது. போன மாதம் வரை அந்த மணம் என் நினைவில் இருந்ததில்லை. நான் நினைக்கிறேனா, உண்டாக்குகிறேனா? மாமி வருவதற்குள் அவன் என் பக்கத்தில் இருந்தான் என்று சத்தியம் செய்யக்கூடியவளாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால், தெரியாது என்று தெரிந்திருக்கும்போதே, எழுதிவிடுகிறேன்.

நான்கு வளவிலும் நாங்கள் இழந்தவை இவை. மயூரன், ஏழு வயது. கஜன், கடைசியாகக் கண்டபோது பதினாறு. கஜனின் தகப்பன், தொண்ணூற்றைந்தில் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்த மழை நாளில், வழியில். ஒரு கிணறு, இடிந்து மூடிப்போனது. நான்கு வீட்டின் கூரைகளும். பதினொரு பிள்ளைகளில் மிச்சம் ஒன்பது பேர். ஆறு நாடுகளில் இருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டதில்லை. என் அம்மாவும் இராணி மாமியும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இடையில் இருந்த பேச்சு இல்லை.

சித்திரை முடிய நான் அபியோடு ஷாஃப்ஹவுசனுக்கு ரயில் ஏறுவேன். மாமி தேத்தண்ணி தருவார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார். பிறகு கேட்பார். வந்தவன் என்று சொன்னால் அவர் ஆறுவார், என் அம்மா குற்றவாளி. வரவில்லை என்று சொன்னால் என் அம்மா தப்புவார், மாமி செத்தாலும் ஆற மாட்டார். தெரியாது என்பதுதான் உண்மை. அவ்வளவு தூரம் வந்த ஒருவரின் கையில் அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்கலாமா?

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். மாமியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என் வாயிலிருந்து எதைக் கேட்க விரும்புவீர்கள்? எழுதுங்கள். இந்தப் பத்திரிகைக்கே எழுதினால் போதும்; பேர் போட வேண்டாம். அவர் வந்து இறங்குவதற்கு முன் எழுதுங்கள்.