எழுத அனுமதி இல்லை

அண்ணி: சிரிக்காதடா! நம்மள வரச் சொன்ன டைரக்டர் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்காரு.

கொழுந்தன்: முடியல அண்ணி... ‘எவனோ வெளியாளு கம்ப்யூட்டர்ல பூந்து நம்ம படத்த அழிக்கப் பாத்திருக்கான்’னு காலையிலேருந்து ஆபீஸே அல்லோலகல்லோலப்படுது.

அண்ணி: அதுல சிரிக்க என்ன இருக்கு? மூணு வருஷ உழைப்புடா. ஒவ்வொரு பொம்மையா வரைஞ்சு, அசைய வச்சு...

கொழுந்தன்: இருங்க, இருங்க. உங்களுக்குக் கைதட்டப் போறாங்களாமே?

அண்ணி: யார் சொன்னா?

கொழுந்தன்: ஆபீஸ் பூரா அதே பேச்சுதான். மெஷின் ‘எழுத அனுமதி இல்ல’ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லி அவன விரட்டிடுச்சாம். எல்லாம் சிஸ்டத்தப் பாத்துக்கற அம்மாவோட கெட்டிக்காரத்தனமாம்!

அண்ணி: ...ம்.

கொழுந்தன்: என்ன வெறும் ‘ம்’?

அண்ணி: அத விடு. நீ ஏன்டா இப்படி வேர்த்து வழியற?

கொழுந்தன்: வெளியாளு எவனும் வரல அண்ணி.

அண்ணி: பின்ன?

கொழுந்தன்: நான்தான்.

அண்ணி: டேய்!

கொழுந்தன்: மெதுவா... பேக்கப் எடுக்கப் போனேன். படம் இருக்கற டிஸ்க்க காலி டிஸ்க்குல காப்பி பண்ணணுமில்ல? ரெண்டு டிஸ்க்கோட பேரையும் முன்னபின்ன மாத்தி அடிச்சுட்டேன்.

அண்ணி: அப்ப... காலி டிஸ்க்க எடுத்துப் படத்து மேல...

கொழுந்தன்: ஆமா. செவுத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி ஆயிருக்கும்.

அண்ணி: அட படுபாவி! ஐயோ... எனக்கு ஏன்டா சிரிப்பு வருது?

கொழுந்தன்: உங்களுக்குமா? வாயப் பொத்திக்குங்க! அண்ணி, உங்களுக்குக் கோயிலே கட்டலாம். படம் இருக்கற டிஸ்க்குல எழுதற அனுமதியும் வேணும்னு போன வாரம் கேட்டேனா... ‘குடுத்தாச்சு, போ’ன்னீங்க. கடைசியில பாத்தா, படிக்கற அனுமதி மட்டும்தான் விட்டு வச்சிருக்கீங்க. கில்லாடி!

அண்ணி: அது வந்துடா...

டைரக்டர்: வெளியில என்ன கும்மாளம்? ரெண்டு பேரும் உள்ள வாங்க.

கொழுந்தன்: சார்... நீங்க தேடற திருடன் நான்தான் சார். பேக்கப் எடுக்கறப்ப டிஸ்க் பேர மாத்திப் போட்டுட்டேன்.

டைரக்டர்: நீயா! ஆபீஸையே தலைகீழாக்கிட்டியேய்யா. சரி, உன்ன அப்புறம் வச்சுக்கறேன். ஏம்மா, சொந்தக் கொழுந்தன்னுகூடப் பாக்காம, எழுதற அனுமதி இல்லன்னு கறாரா நின்னீங்களே...

அண்ணி: நான் குடுத்தேன் சார்.

டைரக்டர்: என்னது?

அண்ணி: குடுத்தேன்... இவன் பேருன்னு நெனச்சு வேற பேர அடிச்சுட்டேன். இங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கண்ணுல பட்டுச்சு, சரி பண்றதுக்குள்ள கூப்பிட்டுட்டீங்க. மொத்தப் படத்தையும் அழிக்கற அனுமதி இந்த நிமிஷம் வரைக்கும் ரிசப்ஷன் பொண்ணுகிட்ட இருக்கு சார்... டேய், வழிய விடுடா, நான் ஓடணும்!