வெள்ளைக் கோட்டு ஆர்டர்

— அந்தப் போனை எடுக்காத.

— கடைக்கு வர்ற போனுங்க. எடுக்காம எப்படி...

— மிஷினை நிறுத்து. அது உன் ஆஸ்பத்திரிக்காரன்தானே?

— எந்த ஆஸ்பத்திரி? நீங்க என்ன சொல்றீங்க...

— டாக்டருங்களுக்கு வெள்ளைக் கோட்டு தைக்க ஆர்டர் தர்றேன்னானே, அவன். பதிவுப் பணம்னு வாங்கினான். அப்புறம் துணிக்கு டெபாசிட்டுன்னு வாங்கினான். இப்ப என்னவாம்?

— ஐயோ... வரியாம். மதியத்துக்குள்ள கட்டிட்டா சாயங்காலமே துணி வந்து இறங்கிடும்னு... பொண்ணு காலேஜுக்கு வச்சிருக்கோமே, அதைத்தான்...

— அனுப்பிட்டியா?

— இன்னும் இல்லைங்க. நீங்க வந்துட்டீங்க.

— அப்பாடா. உக்காரு.

— நல்ல மாதிரியாத்தாங்க பேசுவார். வாய் நிறைய அக்கா அக்கான்னு... அட்வான்ஸ்னு கேட்டார், எனக்குத் தப்பாவே படலை. நானும் அட்வான்ஸ் வாங்காம துணியில கத்திரி வைக்க மாட்டேனே.

— அடிப் பைத்தியமே. தைக்கிறவ நீ. தைக்கச் சொல்லி வர்றவங்களுக்கு நீயா அட்வான்ஸ் குடுப்ப?

— இல்லை... அவங்கதான் குடுப்பாங்க.

— வேலை தர்றேன், கடன் தர்றேன், பரிசு விழுந்திருக்கு... எவன் என்ன சொன்னாலும் சரி. முதல்ல நீ காசு அனுப்புன்னா போனை வச்சிடணும்.

— மறுபடி அடிக்குதுங்க.

— அடிச்சிட்டுப் போகட்டும். எடுத்தா இதோட முடிஞ்சுதும்பான். கட்டினா இன்னொன்னு கேப்பான். கட்டலைன்னா குடுத்ததெல்லாம் போச்சுன்னு மிரட்டுவான். யார்கிட்டயும் மூச்சு விடாதம்பான்.

— ஆமாங்க. வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லாதீங்க, துணி வந்ததும் சொல்லுங்கன்னார்.

— ம்... எழுந்திரு. முதல்ல பேங்குக்குப் போகலாம். அப்படியே போலீஸ்ல புகார் எழுதிக் குடுத்துடலாம்.

— இருங்க. நான் வாயே திறக்கலையே. உங்களுக்கு எப்பத் தெரியும்?

— போன வாரம் உன் போனை சார்ஜ் போட எடுத்தேன். அவன் அனுப்பின மெசேஜெல்லாம் இருந்துச்சு, டெபாசிட்டும் போயிருந்துச்சு.

— தெரிஞ்சும் சும்மாவா இருந்தீங்க? நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே... பயத்துல நான் சோறு கூட சரியா திங்கலைங்க.

— சும்மா இல்லை.

— பின்னே? அங்க என்ன பாக்கறீங்க, என் மூஞ்சியப் பாருங்க. அவன் அடுத்து என்ன பேசுவான்னு அத்தனையும் உங்களுக்கு எப்படி அத்துப்படி?

— போன பணத்தை மீட்டுத் தர்றோம்னு நெட்டுல ஒருத்தன் நம்பர் போட்டிருந்தான்... உனக்குத் தெரியாம சரி பண்ணிடலாம்னு, அவனுக்கு மூணு தடவை காசு அனுப்பிட்டேன்.