எலுமிச்சம்பழம் வைத்த விமானம்

திண்டிவனத்தில் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தவர், விமானம் ஓட்டும் தன் அண்ணன் மகனைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் பொருமிக்கொண்டு வந்தார்.

“அந்தக் கம்பெனிக்காரன் புதுசு புதுசா பிளேன் வாங்கறான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சி பூஜை போடறான். ஓட்றவனுக்கு லீவு மட்டும் கெடையாது.”

“பைலட்டுங்க எல்லாம் சேந்து கேக்கலாமேங்க?”

“கேட்டாங்களே. லீவ அக்ரிமெண்ட்டுல எழுதுன்னாங்க. புது பிளேனுக்கே ஓட்ட ஆளு பத்தல, அப்பறம் பேசலாம்னு அனுப்பிட்டான்.”

“உங்க அண்ணன் கருமாதிக்காவது பையன் வந்தானா?”

“வந்தானே.” விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். “நான் ஏரிக்கரையில பிண்டம் வச்சிக்கினு இருந்தேன். அவன் திருச்சி பிளேன எங்க தலைக்கு மேலயே ஓட்டிக்கினு போனான்.”