பத்தொன்பது போதாது

எங்கள் ஊர் ஆட்டக் கூடத்தில் விற்கும் பாப்கார்னில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள், அதிகாரி ஐயா. ஆனாலும் இந்தியானாவில் பிறந்தவர்களுக்குக் கூடைப்பந்து நடக்கும்போது நாக்கு வேலை செய்வதில்லை. என் மகன் கோல்பி தொப்பி எடுத்த அன்று நான் மட்டும் இரண்டு பொட்டலம் தின்றேன்.

மேசை மேல் ஐந்து கல்லூரிகளின் தொப்பிகள். எதை மாட்டிக்கொள்கிறானோ அங்கே ஆடப் போவான். குறும்புக்காரன், முதலில் தூரத்துக் கல்லூரியின் தொப்பியைத் தொட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்து, நம் ஊர்க் கல்லூரித் தொப்பியைத் தலையில் வைத்தான். நான் நாற்காலி மேல் ஏறி ஆடினேன். நீங்களும் விசிலடித்தீர்கள், நினைவிருக்கிறதா?

அத்தனைக்கும் காரணம் அந்த விதிதான். பையனுக்குப் பத்தொன்பது வயதாக வேண்டும், பள்ளி முடிந்து ஓராண்டும் போக வேண்டும். அதுவரை தொழில்முறை அணிகள் அவனை எடுக்கக் கூடாது. மற்ற அம்மாக்கள் அதைத் திட்டினார்கள். அதை எழுதியவர் எதிரே வந்திருந்தால் நான் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பேன். ஒரு வருடம் முழுக்க கோல்பி வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போனான். தினமும் அவனுக்கு முட்டை பொரித்தேன், படகு போன்ற காலுறைகளைத் துவைத்தேன். பாட்டுப் பாடிக்கொண்டே துவைத்தேன்.

வசந்தத்தில் சாப்பாட்டு மேசையில் சொன்னான்: "இந்தத் தடவை தொழில்முறை அணிங்க ஆள் எடுக்குற தேர்வுக்குப் பேர் குடுக்கப்போறேம்மா."

"இன்னும் ஒரே ஒரு வருஷம் இருடா கண்ணா."

"எனக்குத் தலை நரைச்சாலும் நீ இதையேதான் சொல்லுவ."

என் கணவர் வெண்டெலும் சேர்ந்துகொண்டார். "நெலப்படில தலை இடிக்கிற ஆளுடி அவன். இன்னும் மடியில போட்டுத் தாலாட்டணுமா ஒனக்கு?"

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

யோசித்துப் பாருங்கள். பத்தொன்பதில் பக்குவம் வந்துவிடும் என்று அந்தப் பெரிய மனிதர்களுக்கு யார் சொன்னது? பிள்ளைகளின் நன்மைக்காக அவர்கள் ஒரு வருடம் நிறுத்தி வைத்தால் அது விதி. பெற்றவள் இன்னொரு வருடம் சேர்த்தால் விசாரணை.

உடற்பயிற்சி செய்ய அவன் காலையில் நிலவறைக்கு இறங்குவான். படியின் மேல் பலகையில் இருந்த திருகாணிகளை நான்தான் கழற்றினேன். அவசரப்படவில்லை. தலையில் அடிபடக் கூடாதே என்று கீழே பழைய மெத்தையும் விரித்தேன். விபத்து நடக்கும் இடத்தில் மெத்தை எதற்கு என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஒரு தாய் வேறு என்ன செய்வாள்?

முழங்கால் மட்டும் தவறான பக்கம் மடங்கிவிட்டது. இனி அவன் ஓட முடியாது என்று மருத்துவர் சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகிறேன் என்று வெண்டெல் தோளைத் தட்டினார். எனக்கோ நெஞ்சுக்குள் கொட்டுமேளம். நான் கேட்டது ஒரு வருடம், கிடைத்ததோ எல்லா வருடங்களும்.

வீடு மறுபடி நிறைந்திருக்கிறது, ஐயா. முட்டை பொரித்துத் தட்டைக் கதவோரம் வைக்கிறேன். நான் நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்கிறான். இப்போதெல்லாம் அறையை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டு, என் காலடி கேட்டால் நாற்காலியையும் இழுத்து முட்டுக்கொடுக்கிறான். வளரும் பிள்ளை, கூச்சம் இருக்காதா?