சுகந்தினியின் கலியாணச் சட்டை

கோபித்துக்கொள்ளாதீர்கள் சேர், உங்கள் காக்கிச் சட்டையின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தைத்தவருக்கு என்ன அவசரமோ. ஊசியும் நூலும் தந்தால், நீங்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் சரி செய்துவிடுவேன். ஆனால் இப்போது என் கையில் ஊசி தரமாட்டீர்கள். பரவாயில்லை, சும்மா சொன்னேன்.

என் பெயர் கிருஷ்ணகுமாரி. முன்பு தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலைத் தட்டுகளில் ஊற்றி, அது உறைவதற்கு அசிட் விட வேண்டும். அசிட்டை அப்படியே விடக்கூடாது, நிறையத் தண்ணீர் கலந்துதான் விட வேண்டும். அது என் பொறுப்பு. பிறகு தையல் பழகி, தெரணியகலை டவுனில் புவாட் நானாவின் துணிக்கடை வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்தேன். கலியாணப் பெண்களுக்குச் சட்டை தைப்பது, சேலை கட்டிவிடுவது, பூவும் பொட்டும் வைத்துச் சோடிப்பது எல்லாம் நான்தான். இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை.

ஆனால் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. முதுகொடியத் தைத்துக் கொடுப்பேன். மணவறையில் பெண் வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் சொல்வது என்ன? பெண் அழகு, பெண் லட்சணம். கையைத் திருப்பிச் சட்டையின் வேலையைப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. பந்தியில் எனக்குப் பாயாசம் மட்டும் இரண்டாம் முறை வைப்பார்கள்.

போன வருடம் புவாட் நானா கடைக்கு டிஷ் அன்ரெனா போட்டார். கிரிக்கெட் பார்க்கத்தான். ஒரு நாள் மழை வந்து மேட்ச் நின்றுபோக, அவர் சனலை மாற்றிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நான் மெஷினை நிறுத்திவிட்டேன். பாரிஸில் ஒரு பெரிய உடுப்புக் கம்பெனியின் காட்சி. பெயர் என் வாயில் நுழையவில்லை. நெட்டையான பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். ஒருத்திக்கும் முகம் இல்லை சேர். கழுத்திலிருந்து உச்சிவரை ஏதோ ஒன்றை இறுக்கமாக ஒட்டி, கண்ணும் மூக்கும் தெரியாமல் மூடியிருந்தார்கள். பார்த்த உடனே, அது நம்ம ரப்பர் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, அந்தப் பெண்களின் உடுப்பில் தோள் வெட்டையும் கை மடிப்பையும் மட்டும் உற்றுப் பார்த்தார்கள். வேறு எதைப் பார்ப்பது? வேறு எதுவும் இல்லையே. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

"என்னத்துக்கு அழுற தங்கச்சி?" என்று புவாட் நானா கேட்டார். "பேங்க் கொள்ளையடிக்கப் போறவங்க மாதிரி ஈக்கிறாங்க. இதப் பாத்தா அழுற?"

நல்ல மனிதர். துணியை முழம் போடத் தெரியும், அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் சுகந்தினி வந்தாள். எங்கள் தோட்டத்து மூக்காயி அக்காவின் மகள். சேர், நீங்கள் அவளை முன்பு பார்த்ததில்லை. அவள் ரோட்டில் வந்தால் பஸ்காரன் ஹோல்ட் இல்லாத இடத்திலும் நிறுத்துவான். யோகராஜுக்கும் அவளுக்கும் கலியாணம் நிச்சயமாகி, தங்கச் சரிகை போட்ட துணி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுத்து வந்திருந்தாள். குணமான பிள்ளை. என்னை "அக்கா அக்கா" என்று சுற்றிச் சுற்றி வருவாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டையைப் போல நான் இதுவரை தைத்ததில்லை. பாரிஸ் தோள் வெட்டு. முதுகில் தையல் எங்கே முடிகிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. போட்டுப் பார்க்க அவளைக் கண்ணாடி முன் நிறுத்தினேன். என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தாடையைத் தொட்டாள்.

"அக்கா, இந்தப் பரு கலியாணத்துக்குள்ள போயிருமா?"

சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. இருந்தாலும் சிரித்துக்கொண்டே, "போயிரும்டி. நான் பாத்துக்கிறேன்" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள், நலங்கு வைத்து முடிந்து, பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் கலைந்திருந்தார்கள். பெண் சோடிக்கிற அக்கா உள்ளே இருந்தால் அந்த அறைக்குள் யாரும் வரமாட்டார்கள், அது எங்கள் வழக்கம். அவளைப் பாயில் படுக்க வைத்தேன். பாரிஸ்காரிகள் முகத்துக்குப் போடுவது நம்ம ரப்பர் பால்தான், டீவியில் பார்த்தேன் என்று சொன்னேன்.

"அப்ப நம்ம தோட்டமே பாரிஸ்தான்" என்று சிரித்தாள். "உரிக்கிறப்ப வலிக்குமா அக்கா?"

"கொஞ்சம் கடிக்கும். பொறுத்துக்க."

காலையில் வெட்டிய பால் ஒரு சிரட்டை வைத்திருந்தேன். பால் தானாக உறைய நேரமாகும், அசிட் விட்டால் சீக்கிரம் பிடிக்கும். அது அவளுக்கும் தெரியும், ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தானே. அதனால் நான் அசிட் போத்தலைத் திறந்தபோது அவள் சந்தேகப்படவில்லை. கண்ணிரண்டிலும் மெழுகுத்துணி வைத்துப் பஞ்சால் மூடிக் கட்டினேன். நான் கொடுமைக்காரி இல்லை சேர். நாளைக்கு அந்தச் சட்டையை அவளும் பார்க்க வேண்டுமே. சட்டையைத் தூரத்து ஆணியில் மாட்டியிருந்தேன், ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். கண் நன்றாகத் தெரிகிறதாம். மற்றதெல்லாம் பழையபடி வராதாம்.

நேற்று மூக்காயி அக்கா என்னைப் பார்க்க இங்கே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ வேணும்னு செய்வியா குமாரி? அவசரத்துல தண்ணி கலக்க மறந்துட்டேன்னு சொல்லு. நாங்களும் பொலிஸ்ல அப்புடித்தான் சொல்லியிருக்கோம். புள்ளையும் அதத்தான் சொல்லுது. அக்காவ ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொல்லுது."

யோகராஜ் கலியாணத்தை நிறுத்தவில்லையாம். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே தாலி கட்டினானாம். அந்தச் சட்டையைத்தான் அவள் போட்டிருந்தாள் என்றதும் எனக்கு உயிர் வந்தது.

"சட்டை எப்புடி இருந்துச்சுக்கா?" என்று கேட்டேன்.

மூக்காயி அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சட்டைய யாரு பாத்தா? மாப்பிள்ள அவ மூஞ்சிய விட்டு கண்ண எடுக்கல. நாங்களும் அதத்தான் பாத்துக்கிட்டு நின்னோம்."

அவள் போன பிறகு நிறைய யோசித்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நான் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் எத்தனையோ வருடம் செய்த வேலையில் கை தப்பிவிட்டது என்று ஊர் பேசுவதை என்னால் தாங்க முடியாது. எழுதிக்கொள்ளுங்கள் சேர். தண்ணீர் கலக்க நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் கலக்கவில்லை. என் பக்கம் ஒரு தவறு உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் கத்தியதும் மனம் கேட்காமல் சீக்கிரமே கழுவிவிட்டேன்.